மிதக்கும் போட்டில் ஏறாத எலக்ட்ரீஷியன்

எங்கள் போட்டில் எனக்குப் பாதிப் பங்கு. மீதிப் பாதி அண்ணனுடையது. அப்பா காலமான பிறகு அவருடைய பழைய மரப் போட்டை விற்று, என் சேமிப்பையும் அண்ணன் சேமிப்பையும் போட்டு வாங்கிய இரும்புப் போட்டு அது. அண்ணன் கடலுக்குப் போவார். நான் காரைக்காலில் ஒரு பள்ளிக்கூடத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். கல்யாணமாகித் தருமபுரத்தில் குடியிருக்கிறேன். பங்குக்காரி என்று பெயரே தவிர, போட்டு தண்ணீரில் நிற்கும்போது அதில் நான் காலை வைத்ததே கிடையாது. எங்கள் வீட்டுப் பெண்களின் வேலையெல்லாம் கரையோடு சரி.

கரண்ட் வேலைக்கு ஆள் தேட வேண்டி வந்தது ஒரு தை மாதத்தில்.

அண்ணன் கடலுக்குப் போனால் நாலைந்து நாள் ஆகும் திரும்ப. வயர்லெஸ்ஸில் யாராவது ஒருவர் மூலமாகத் தினமும் காலையில் சேதி வந்துவிடும். பக்கத்தில் இருக்கிற போட்டுக்காரர் கரைக்குச் சொல்வார், அங்கிருந்து அண்ணி எனக்குப் போன் செய்வார். அந்த முறை மூன்றாம் நாள் காலையில் சேதி வரவில்லை. நான் பள்ளிக்கூடம் போனேன். அன்றைக்கு நடத்த வேண்டிய பாடம் மின்தடை. கரும்பலகையில் சூத்திரத்தை எழுதிவிட்டு அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும் என்று தெரியாமல் நின்றேன். பிள்ளைகள் காத்திருந்தார்கள். "தலவலி" என்று சொல்லி, பழைய கணக்குகளைப் போடச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் அண்ணனே போன் செய்தார். முகத்துவாரத்துக்குள் வந்துவிட்டார்களாம்.

நடந்தது இதுதான். முந்தின நாள் காலையில் கேபினுக்குள் சுவிட்ச் போர்டுக்குப் பின்னாலிருந்து புகை வந்திருக்கிறது. பலகையைப் பெயர்த்துப் பார்த்தால் உள்ளே நெருப்பு. ஈரச் சாக்கைப் போட்டு அடித்து அணைத்திருக்கிறார்கள். யாருக்கும் ஒன்றும் இல்லை, டிரைவரின் கையில் முடி பொசுங்கியதோடு சரி. ஆனால் வயர்லெஸ், திசை காட்டும் கருவி, ஆழம் பார்க்கிற கருவி, விளக்கு எல்லாம் ஒரே நேரத்தில் செத்துவிட்டன. இன்ஜின் மட்டும் ஓடியது. வெயிலைப் பார்த்து மேற்கே ஓட்டிக்கொண்டே வந்து, கீழவாஞ்சூர் துறைமுகத்தின் கிரேன்கள் கண்ணுக்குத் தெரிந்ததும் வடக்கே திரும்பி வீடு சேர்ந்திருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் ஆற்றங்கரைக்குப் போனேன். அண்ணன் எரிந்துபோன போர்டைக் கழற்றிக் கரையில் வைத்திருந்தார்.

"நீதான் கரண்டு பாடம் நடத்துறியே பாப்பா. இது ஏன் எரிஞ்சுது, சொல்லு பாப்போம்."

பார்த்தேன். வீட்டுச் சுவரில் மாட்டுகிற சுவிட்சு. வீட்டில் ஓடுகிற வயர். இரண்டு முனையை முறுக்கி டேப் சுற்றியிருந்தது. டேப்பைப் பிரித்தால் செம்பு பச்சையாகப் பூத்து, விரல் பட்டதும் தூளாக உதிர்ந்தது. உப்புக் காற்று டேப்புக்குள் நுழைந்திருக்கிறது, இணைப்பில் தடை ஏறியிருக்கிறது, தடை ஏறியதும் சூடு. முந்தின நாள் கரும்பலகையில் எழுதிவிட்டு விளக்க முடியாமல் உட்கார்ந்தேனே, அதே சூத்திரம் என் கையில் பச்சைத் தூளாக இருந்தது. எல்லாவற்றையும் அண்ணனுக்கு விளக்கினேன்.

பொறுமையாகக் கேட்டார். "சரி, அப்ப நீ சரி பண்ணிடு" என்றார்.

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். காரணம் சொல்லத் தெரிகிறது, ஸ்க்ரூ டிரைவரை எடுத்தால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. "எனக்குச் செய்யத் தெரியாதுண்ணே. செய்யத் தெரிஞ்ச ஆளக் கூட்டிட்டு வர்றேன்" என்று வாக்குக் கொடுத்தேன். தடைக்காலம் வரைக்கும் ஏதோ ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். அதுவரை தூரக் கடலுக்குப் போவதில்லை என்று நானும் அண்ணியும் சேர்ந்து அண்ணனிடம் சத்தியம் வாங்கினோம்.

சித்திரையில் தடைக்காலம் தொடங்கியது. விசைப்படகு எதுவும் இரண்டு மாதம் கடலுக்குப் போகக்கூடாது. போட்டை ஆற்றிலிருந்து இழுத்து மேட்டில் ஏற்றி, வண்ணம் அடிக்கிறது, ஓட்டை அடைக்கிறது எல்லாம் அப்போதுதான். எனக்கும் பரீட்சை முடிந்து லீவு விட்டிருந்தது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஆள் தேடக் கிளம்பினேன்.

முதலில் தருமபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வயரிங் செய்தவரைக் கூப்பிட்டேன். அரசாங்க லைசென்ஸ் வைத்திருப்பவர், வேலை சுத்தம். போட்டில் ஏறி அரைமணி நேரம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"மேடம், வூட்டு வேலன்னா நான் கேரண்டி எழுதிக் குடுப்பேன். இது ஆடுது, அதிருது, உப்புல நனையுது. செய்யச் சொன்னா செஞ்சுருவேன். ஆனா ஆறு மாசம் கழிச்சு நடுக்கடல்ல என்ன ஆவும்னு என்னால சொல்ல முடியாது. வேற ஆளு பாருங்க."

எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது. போட்டில் முன்பு வயரிங் செய்த ஆள் இதில் பாதியாவது சொல்லியிருக்கலாம்.

அடுத்து கீழவாஞ்சூர் சாலையில் லாரிகளுக்கு கரண்ட் வேலை பார்க்கிற ஒருவர். நிலக்கரி ஏற்றுகிற லாரிகள் வரிசையாக நிற்கிற இடம், அவர் சட்டை, முகம், தேநீர்க் கிளாஸ் எல்லாமே கறுப்பு. இருபத்துநாலு வோல்ட் பேட்டரி என்று சொன்னதும், "நம்ம லாரி கரண்டுதாங்க அது, ஒரே நாள்ல முடிச்சிரலாம்" என்று சிரித்துக்கொண்டே வந்தார். கை வேகமான ஆள். பத்து மணிக்குள் பேட்டரியிலிருந்து நெகட்டிவ் வயரை இழுத்துப் போட்டின் இரும்பு உடம்பில் போல்ட் போட்டு முடுக்கப் போனார்.

"அத ஏங்க அங்க வைக்கிறீங்க?"

"பாடி எர்த்துங்க. லாரி பூரா இப்படித்தான். இரும்பே வயராயிரும், பாதி வயரு மிச்சம்."

"லாரி ரோட்டுல ஓடுது. இது உப்புத்தண்ணியில நிக்குது. உடம்பு வழியா கரண்டு போனா கொஞ்சம் கொஞ்சமா இரும்ப அரிச்சிருமே. ரெண்டு வருஷத்துல அடித்தகடு ஓட்டையாயிரும்."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். தகட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இத யாரும் என்கிட்ட சொன்னதில்லீங்க" என்றார். கோபப்படவில்லை. அண்ணன் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, "டீச்சர் லாரி வாங்குனா மட்டும் என்னையக் கூப்புடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சென்னையில் கப்பல்களுக்கு வயரிங் செய்கிற ஒருவர் போனில் எங்கள் போட்டின் நீளத்தைக் கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு அவர் போனையே எடுக்கவில்லை.

பூவத்துக்குப் போன கதையை இப்போதும் அண்ணன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். பூவத்தில் ஒருத்தர் பதினைந்து வருஷம் கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர் என்று எங்கள் பள்ளி அலுவலகத்தில் யாரோ சொன்னார்கள். அண்ணனையும் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வேகாத வெயிலில் போனேன். நல்ல மனிதர், மோர் கொடுத்தார். எந்தெந்த ஊருக்கெல்லாம் கப்பல் போகும் என்று அண்ணன் ஆர்வமாகக் கேட்டார்.

"தஞ்சாவூரு, கும்பகோணம், திருச்சி, சித்திர மாசம்னா கண்டிப்பா மதுர" என்றார் அவர்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மோர்க் கிளாஸைப் பார்த்தேன். பொருட்காட்சியில் பிள்ளைகளை உட்கார வைத்து முன்னும் பின்னும் ஆட்டுவார்களே, அந்தக் கப்பல். அதற்குத்தான் பதினைந்து வருஷம் மோட்டாரும் கலர் பல்பும் பார்த்திருக்கிறார். சாலைக்கு வரும்வரை அண்ணன் அடக்கிக்கொண்டிருந்தார். பிறகு வண்டியை நிறுத்தச் சொல்லி, புளியமர நிழலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போட்டு எரிந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் தடைக்காலத்தில் பாதி போய்விட்டிருந்தது.

அந்த வாரம்தான் எங்கள் வீட்டுக் குடிதண்ணீர் மெஷின் நின்றுபோனது. தருமபுரத்தில் போர் தண்ணீர் உப்பு, மெஷின் இல்லாமல் ஒரு நாள் ஓட்ட முடியாது. எப்போதும் வருகிறவர் ஊரில் இல்லை என்று ஒரு புதுக் கடைக்குப் போன் செய்தேன். ஐம்பது வயதை ஒட்டிய ஒரு பாய் வந்தார். வெள்ளைத் தொப்பி, சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடி. அதிகம் பேசவில்லை. மெஷினைப் பிரித்தார். மோட்டாருக்குப் போகிற வயர் அறுந்திருந்தது.

டேப் சுற்றிவிட்டுப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் பையிலிருந்து ஒரு சின்ன உலோகக் குழாயை எடுத்து, இரண்டு வயர் முனையையும் அதற்குள் விட்டு, இடுக்கி மாதிரி ஒரு கருவியால் நசுக்கினார். பிறகு அதை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தார். அதன்மேல் ஒரு ரப்பர் குழாயை நகர்த்தி லைட்டரால் சூடு காட்டினார். அது சுருங்கி, ஓரத்தில் பசை கசிந்து, வயரோடு வயராக ஒட்டிக்கொண்டது. இனி அதற்குள் தண்ணீர் போக வழியே இல்லை. அடுப்பங்கரையில் ஒரு தண்ணீர் மெஷினுக்கு இத்தனை பத்திரம்.

"பாய், இந்த மாதிரி ஜாயின்ட் போட எங்க கத்துக்கிட்டீங்க?"

"கப்பல்லங்க."

பூவம் ஞாபகத்துக்கு வந்தது. "எந்தக் கப்பலு?" என்று ஜாக்கிரதையாகக் கேட்டேன்.

"வளைகுடாவுலதாங்க. எண்ணெய்க் கெணத்துக்குச் சாமான் கொண்டுபோற கப்பலு. எலக்ட்ரீஷியனா இருந்தேன். பத்தொம்பது வருஷம்."

எங்கள் போட்டு, தீப்பிடித்தது, லாரிக்காரர், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். நெகட்டிவை உடம்பில் முடுக்கப் போனதைச் சொன்னபோது மட்டும் வாய் திறந்து, "அஸ்தக்ஃபிருல்லாஹ், அல்லாஹ் மன்னிக்கணும்" என்றார். ஆனால் நான் முடித்ததும் கருவிகளைப் பையில் போடத் தொடங்கிவிட்டார்.

"மாஃப் பண்ணுங்க டீச்சர். போட்டு, கப்பல் எதுலயும் நான் ஏறுறதில்ல. வூட்டுல வாக்குக் குடுத்திருக்கேன்."

"அப்ப நான் வூட்டுல வந்து பேசவா?"

யோசித்தார். "பேசிப் பாருங்க" என்றார். அவர் குரலில் கொஞ்சம் ஆசை இருந்தது போல எனக்குப் பட்டது.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். ஊருக்குள் பள்ளிவாசலுக்குப் பின்தெரு. அவர் மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார். என்னை விட இரண்டு மூன்று வயது மூத்தவர். நாற்காலியைத் துடைத்துப் போட்டு, எலுமிச்சை ஜூஸ் கொடுத்துவிட்டு, நான் ஆரம்பிப்பதற்கு முன்னால் அவரே ஆரம்பித்தார்.

"அவுக சொன்னாக. கதையக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க டீச்சர், நான் செஞ்சது தப்பான்னு."

அவர் கணவர் கடைசியாக வேலை பார்த்த கப்பலின் முதலாளி கடனில் மூழ்கி ஓடிப்போனாராம். கப்பலைத் துறைமுகத்துக்குள் விடவில்லை, ஆட்களையும் இறங்க விடவில்லை. ஒன்பது மாதம் கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நங்கூரம் போட்டு நின்றிருக்கிறது. டீசல் தீர்ந்து, ஏ.சி. நின்று, மழைத் தண்ணீரைப் பிடித்துக் குடித்திருக்கிறார்கள். சின்ன மகள் அப்போதுதான் பிறந்திருந்தாள்.

"கரைல ஓடுற காரெல்லாம் தெரியுதும்பாக போன்ல. நான் இங்க புள்ளய மடியில போட்டுக்கிட்டு அழுவேன். அவ நடக்க ஆரம்பிச்சு, அப்பாவ 'அத்தா'ன்னு சொல்லப் பழகுனதுக்கு அப்புறம்தான் வந்து சேந்தாக. வந்த அன்னைக்கே கேட்டேன். இனி மிதக்குற எதுலயும் கால் வைக்க மாட்டேன்னு சொல்லுங்கன்னு. சொன்னாக. இன்னவரைக்கும் மீறல. போன வருஷம் புள்ளைங்க ஆத்துல போட்டிங் போவணும்னு அடம் புடிச்சப்ப, இவுக எல்லாரு செருப்பையும் கையில புடிச்சுக்கிட்டு கரையில நின்னாக."

"நீங்க செஞ்சது சரிதாங்கக்கா" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். ஜூஸைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தேன்.

அவர் உடனே விடவில்லை. "ஒங்க அண்ணன் வாரம் தவறாம கடலுக்குப் போறாரே. ஒங்களுக்குப் பயமா இல்லையா?"

"பயமாத்தாங்கக்கா இருக்கு. அதனாலதான் ஆளு தேடி அலையுறேன்."

அவர் மெஷினின் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார். "போட்டு இப்ப எங்க நிக்கிது?"

"தடைக்காலம்லங்கக்கா, மேட்டுல ஏத்திருக்கு. அடியில கட்டை குடுத்து நிக்கிது. ஆறு அம்பது அடி தள்ளி."

"அப்ப மிதக்கல."

"மிதக்கல."

"மிதக்காதது போட்டு இல்லையே டீச்சர், அது வூடு மாதிரி" என்றார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "கேட்டுக்கிட்டுத்தான நிக்கிறீங்க? மேட்டுல இருக்கிற வரைக்கும் போங்க. தண்ணியில எறக்குற அன்னைக்கு எறங்கிடணும்."

கதவுக்குப் பின்னாலிருந்து பாய் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் அவருடைய சான்றிதழ்கள், வரிசையாக, மடிப்புக் கலையாமல். நான் கேட்கவே இல்லை. "பாத்துட்டு மனசுக்குத் திருப்தியா இருந்தா சொல்லுங்க" என்று நீட்டினார். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பார்க்க வேண்டும் என்று அவர் விரும்பியது தெரிந்தது.

வேலை பதினெட்டு நாள் நடந்தது. முதல் இரண்டு நாள் பழைய வயரை எல்லாம் பிடுங்கிக் கரையில் குவிப்பதிலேயே போயிற்று. அண்ணனுக்கு வயிற்றெரிச்சல். "பாதியாவது நல்லாருக்குங்க பாய்" என்பார். பாய் நல்லதாகத் தெரிகிற வயராகப் பார்த்து எடுத்து, மேல்தோலைச் சீவிக் காட்டுவார். உள்ளே கறுத்திருக்கும். அதற்குப் பிறகு அண்ணன் அந்தக் குவியல் பக்கமே போகவில்லை.

புது வயர் கொச்சியிலிருந்து வந்தது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது போல ஒவ்வொரு செம்பு இழைக்கும் ஈயம் பூசிய வயர், வெட்டினால் உள்ளே வெள்ளி மாதிரி இருக்கும். ஒரு வயர் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதற்கே அவர் ஒரு காலை நேரத்தைச் செலவழிப்பார். கருவிக்குள் நுழைவதற்கு முன்னால் வயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு வளைத்து மேலேற்றுவார். ஏன் என்று கேட்டேன். "தண்ணி வயர் வழியா ஓடிவந்தாலும் அந்தத் தொங்கல்லயே சொட்டிரும். மெஷினுக்குள்ள போவாது" என்றார். எத்தனை வருஷம் மின்சாரம் நடத்தியிருக்கிறேன், வயரின் மேல் தண்ணீரும் ஓடும் என்பது என் பாடப் புத்தகத்தில் இல்லை.

போட்ட ஒவ்வொரு இணைப்பையும் உடம்பின் பாரத்தைக் கொடுத்து இழுத்துப் பார்ப்பார். கடைசியில் புது போர்டு வந்தது. இருபத்திரண்டு சுவிட்சு. ஒவ்வொன்றுக்கும் கீழே தமிழில் எழுதி ஒட்டினார். கம்பத்து விளக்கு, வலது பச்சை, இடது சிவப்பு, வயர்லெஸ், அடித்தண்ணி பம்பு, சமையல் விளக்கு. மணிமணியான எழுத்து. டிரைவர் ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, "இனி யாரையும் கேக்க வேணாம்" என்றார்.

ஒரே ஒரு இடத்தில் அண்ணன் பிடிவாதம் பிடித்தார். அடித்தண்ணீர் இறைக்கிற பம்பு பழசு, மாற்றிவிடலாம் என்று பாய் சொன்னார். "அது கல்லு மாதிரி ஓடுதுங்க, அதுல கை வைக்காதீங்க" என்றார் அண்ணன். பாய் விட்டுவிட்டார்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு எவ்வளவு ஏறுகிறது, போட்டின் இரும்பு உடம்புக்குள் கரண்ட் கசிகிறதா என்பதை எல்லாம் போட்டு தண்ணீரில் நிற்கும்போதுதான் பார்க்க முடியும். பாய் இதை முதல் நாளே சொல்லியிருந்தார். "அன்னைக்கு நான் கரையில நிப்பேன். டீச்சர் ஏறி மீட்டரப் புடிக்கட்டும்."

"நானா?"

"மீட்டர் பாக்கத் தெரியும்ல?"

தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்தது ஆய்வகத்து மேஜை மேல் அசையாமல் இருக்கிற மீட்டர்.

போட்டை இறக்கிய அன்று காலை பாயும் அவர் மனைவியும் ஆட்டோவில் வந்தார்கள். வாக்கு காப்பாற்றப்படுகிறதா என்று பார்க்கத்தான் அந்த அக்கா வந்தார் என்று நினைக்கிறேன். போட்டைக் கரையோடு சேர்த்து இரண்டு கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அண்ணன் பலகையை வைத்து, "வா பங்குக்காரி" என்று கையை நீட்டினார். ஏறினேன். கால் வைத்ததும் தரை மெல்லக் கீழே போய் மேலே வந்தது. நாற்பத்துமூன்று வயதில் முதல்முறை. சந்தோஷமாக இருந்தது.

இன்ஜினைப் போட்டார்கள். சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பாய் பத்தடி தூரத்தில் கரையில் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தார்.

"பேட்டரியில வைங்க. எவ்ளோ காட்டுது?"

"இருவத்தேழு புள்ளி எட்டு."

"எல்லா சுவிட்சயும் போடுங்க. இப்ப?"

"இருவத்தேழு புள்ளி நாலு. அப்புடியே நிக்கிது."

"மாஷா அல்லாஹ். இப்ப அந்தச் சின்ன பல்ப எடுங்க. ஒரு முனைய நெகட்டிவ்ல வைங்க. இன்னொன்ன போட்டு இரும்புல, பெயின்ட்ட சொரண்டி வச்சிருக்கேன் பாருங்க, அங்க தொடுங்க. எரியக்கூடாது, எரிஞ்சா உடம்புல கரண்டு கசியுதுன்னு அர்த்தம்."

தொட்டேன். பல்புக்குள் இழை சிவந்தது. மங்கலாகத்தான், ஆனால் சிவந்தது.

"எரியுது பாய்."

கரையில் அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். கால் தானாகப் பலகையை நோக்கி ஓரடி வந்துவிட்டது. அவர் மனைவி திரும்பிப் பார்த்தார். அவர் நின்றுவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"பதட்டப்படாதீங்க டீச்சர். ஒண்ணாம் நம்பர்லேருந்து ஒவ்வொண்ணா அணைச்சுக்கிட்டே வாங்க. எதுல பல்பு அணையுதுன்னு சொல்லுங்க."

அண்ணன் சுவிட்சை ஒவ்வொன்றாக அணைத்தார், நான் பல்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேர்வை கண்ணில் வழிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. பதினாலை அணைத்ததும் பல்பு பொட்டென்று இருண்டது. மறுபடி போட்டார், சிவந்தது. அணைத்தார், இருண்டது.

"பதினாலு பாய்!"

பதினாலு என்ன என்று அவர் கேட்கவில்லை. அவர் எழுதியதுதானே. போனில் சிரிக்கிற சத்தம் கேட்டது. "ஒங்க அண்ணன்கிட்ட படிச்சுக் காட்டச் சொல்லுங்க."

அண்ணன் குனிந்து படித்தார். "அடித்தண்ணி பம்பு." நிமிர்ந்தபோது முகத்தில் அசடு வழிந்தது. "மாத்திடுவோம், மாத்திடுவோம்" என்று சொல்லிக்கொண்டே பைக்கை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினார்.

அவர் வரும்வரை சும்மா நிற்பானேன் என்று டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டு அடுப்பில் டீ போட்டார். நான் கரையைப் பார்த்து, "அக்கா, ஏறி வாங்களேன், ஒரு டீ சாப்புடலாம்" என்றேன். பேச்சுக்குத்தான் கூப்பிட்டேன். அந்த அக்கா செருப்பைக் கழற்றிக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, புர்காவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பலகை மேல் நடந்து வந்துவிட்டார். நான் கையைப் பிடித்துக் கேபினுக்குள் அழைத்துப் போனேன்.

போர்டுக்கு முன்னால் வெகு நேரம் நின்றார். எழுத்துகளை வாய்க்குள் படித்தார். நான் பின்பக்கக் கதவைத் திறந்து காட்டினேன். வயர்கள் ஒன்றோடு ஒன்று உரசாமல், எண் எழுதிய வளையம் மாட்டி, வகிடெடுத்துச் சீவின தலைமுடி மாதிரி ஓடின.

"இது பூரா அவுக செஞ்சதா?"

"பூரா அவருதாங்கக்கா."

"பத்தொம்பது வருஷம் கப்பல்ல என்ன வேல பாத்தாகன்னு எனக்குத் தெரியாது டீச்சர். கரண்டு வேலம்பாக. நான் பல்பு மாட்டுறதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்." விரலால் ஒரு வயரைத் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தார். "நான் தைக்கிறத விட நேரா இருக்கு."

வெளியே வந்து டீயை வாங்கிக்கொண்டு போட்டின் ஓரத்தில் நின்றார். கரையில் பாய் இரண்டு செருப்பையும் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா?" என்று கேட்டார்.

"பாத்தேன். நல்லாத்தான் இருக்கு."

"அப்ப நானும் ஏறட்டா?"

"அங்கனயே நில்லுங்க" என்றார் அந்த அக்கா. "வாக்கு வாக்குதான்."

போட்டில் இருந்த எல்லோரும் சிரித்தோம். பாயும் சிரித்தார். டிரைவர் ஒரு கிளாஸ் டீயை எட்டி அவர் கையில் கொடுத்தார்.

புதுப் பம்பு வந்து, பாய் கரையிலிருந்து சொல்லச் சொல்ல டிரைவர் அதை மாட்டியதும் மறுபடி பல்பைத் தொட்டேன். இருட்டு. இருபத்திரண்டு சுவிட்சும் போட்டிருக்கிறது, பல்பு மட்டும் இருட்டு. ஒரு பல்பு எரியாமல் இருப்பதைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது.

தடைக்காலம் முடிந்து போன முதல் பயணத்தில் அண்ணன் ஐந்து நாள் கடலில் இருந்தார். ஐந்து நாளும் காலையில் சேதி வந்தது. அதற்கு அப்புறம் இரண்டு தடைக்காலம் போய்விட்டது. அண்ணன் போட்டைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் கேட்க, பாய் இப்போது சித்திரை, வைகாசியில் போட்டு வேலையும் மற்ற மாதங்களில் தண்ணீர் மெஷின் வேலையும் பார்க்கிறார். போட்டுக்காரர்கள் யாரும் அவருக்குப் போன் செய்வதில்லை, நேரே அந்த அக்காவுக்குத்தான் செய்கிறார்கள். எந்தப் போட்டு முதலில், எது அடுத்து என்று தையல் நோட்டின் பின்பக்கத்தில் எழுதி முடிவு செய்கிறவர் அவர்.

தண்ணீரில் இறக்குகிற அன்றைக்கு மீட்டர் பிடிக்க நான் போகிறேன். சென்ற வருஷம் நாலு போட்டு. கடைசிப் போட்டை இறக்கியது பள்ளி திறப்பதற்கு முந்தின நாள். வேலை முடித்து இறங்கும்போது அந்தப் போட்டு டிரைவர் ஒரு பை நிறைய இறாலைக் கொடுத்து, "அடுத்த வருஷமும் டீச்சரே வந்துருங்க" என்றார். வருகிறேன் என்றேன். வீட்டுக்குப் போய் இறாலை உரித்துக்கொண்டே, மறுநாள் முதல் பாடவேளைக்கு என்ன நடத்தலாம் என்று யோசித்தேன். மின்தடையிலிருந்தே ஆரம்பிக்கலாம் என்று தோன்றியது.